அசலில் போன பணம்

"நீங்க எக்ஸ்ட்ரா கட்டினதெல்லாம் அசல்ல போயிடுச்சு மேடம். அது அட்வான்ஸ் கிடையாது."

வங்கியின் கடன் பிரிவில் இருந்த அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது அவர் மேஜையில் ஒரு டப்பா திறந்திருந்தது. உள்ளே கோடுபளே, வளையம் வளையமாக முறுக்கு மாதிரி. பாதி கடித்த ஒன்றை என் முன்னால் சாப்பிட வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ மூடியின் மேல் வைத்திருந்தார். எண்ணெயில் பொரித்த வாசனை ஏ.சி. குளிரில் அப்படியே நின்றது.

நான் கேட்டது சாதாரணக் கேள்விதான். ஏழெட்டு வருடமாக மாதத் தவணைக்கு மேலே கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். இப்போது எனக்கு வேலை இல்லை. நாலைந்து மாதம் தவணை கட்டாமல் இருந்தால், ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியதில் கழித்துக்கொள்ள முடியுமா?

"அப்போ இந்த மாசம்?" என்றேன்.

"இந்த மாசம் தேதிக்குள்ள கட்டியே ஆகணும்."

"கட்டலைன்னா?"

"டிஃபால்ட் ஆயிடும். நோடி, பாருங்க மேடம், நீங்க எவ்ளோ முன்னாடி கட்டியிருந்தாலும் இந்த மாசம் இந்த மாசம்தான்."

அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. இரக்கமும் இல்லை. இந்த பஸ் உங்கள் ஊரில் நிற்காது என்று நடத்துநர் சொல்வதைப் போலச் சொன்னார்.

"சரி, இஎம்ஐயைக் குறைச்சுக் குடுங்க. வருஷத்தைக் கூட்டிக்கோங்க."

"பண்ணலாம் மேடம். கடைசி மூணு மாச சம்பளச் சீட்டு வேணும். இப்ப வேலையில இருக்கீங்கன்னு கம்பெனி லெட்டர் வேணும்."

"வேலை இல்லைன்னுதானே வந்திருக்கேன்?"

"அதான் மேடம் ப்ராப்ளம்" என்றார் அவர். உண்மையில் அவருக்கே அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

வீடு வாங்கிய கதை

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி கேப் ஓட்டுநர்களைப் பற்றி எழுதியபோது, "அப்போது எங்களுக்கு வீட்டுக் கடன் இருந்தது" என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அந்தக் கவலை இருக்கும்போல.

எங்கள் வீடு சந்தாபுராவில், மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை. எனக்கு அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதனை வேலை. கணவர் சுந்தருக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை. என் சம்பளம் அவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெங்களூருக்குள்ளே எங்களால் வாங்க முடியாது என்று தெரிந்து, வெளியே வந்து வெளியே வந்து, கர்நாடகம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டோம்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் ஏரி தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். வீட்டைக் காட்டிய தரகர் எங்களைக் காற்று இல்லாத ஒரு நாளில்தான் கூட்டிப்போனார்.

இருபது வருடக் கடன். கையெழுத்துப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்குக் காரணம் கொஞ்சம் பழையது. நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. நாங்கள் இருந்தது கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வீடு மட்டும் எங்களிடமே இருந்தது. அது யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காலி செய்யச் சொல்லப்போகிறார்களாம் என்று தண்ணீர்க் குழாயடியில் யாராவது சொல்லுவார்கள். அன்று அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற சாமான்களை எல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். எதை முதலில் தூக்குவது என்பது மாதிரி.

யாரும் வந்து காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

பால்கனி நம்முடையது

முதல் வருடம் முடிந்ததும் வங்கியிலிருந்து கணக்கு வந்தது. வரிசையாகப் பார்த்தேன். சோதனை வேலை செய்கிறவளுக்கு எங்கே தப்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான் பழக்கம். தப்பு எதுவும் இல்லை. கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்குப் போயிருந்தது. அசல் குறைந்தது கொஞ்சம்தான்.

"இதை வெச்சுப் பார்த்தா, பால்கனி மட்டும் வாங்கியிருக்கோம்" என்றார் சுந்தர். "கம்பியோட சேர்த்தா, கம்பி இல்லாமலா?"

அவர் எதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, மாதத் தவணைக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், எங்களைப் போன்ற கடனுக்கு அபராதம் கிடையாது, அந்தப் பணம் முழுக்க அசலில் கழியும் என்று. கட்டும்போது வங்கி ஒரே ஒரு கேள்வி கேட்கும். மாதத் தவணையைக் குறைக்கவா, வருடங்களைக் குறைக்கவா?

வருடங்களைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சமாகும். இருவரும் உட்கார்ந்து பேசி அதையே தேர்ந்தெடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே, கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் கைபேசியில் கூடுதல் பணத்தை அனுப்பிவிடுவேன். சம்பள உயர்வு வந்தால் அதுவும் அங்கேதான். போனஸும் அங்கேதான். சுந்தருக்குக் கிடைத்த ஓவர்டைம் பணமும் பாதி அங்கேதான்.

எதையும் தியாகம் என்று நாங்கள் நினைத்ததில்லை. கார் வாங்கவில்லை, அவ்வளவுதான். சுந்தரின் பைக் சீட்டில் பஞ்சு வெளியே வந்திருந்தது, அதன் மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டியிருந்தார். மகள் நிலா பிறந்தபோது தொட்டிலை ஒரு தோழியிடம் வாங்கிக்கொண்டோம். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும், "வீட்டுக் கடனை யாராவது சீக்கிரம் கட்டுவாங்களாம்மா? அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டுல போட்டிருந்தா..." என்று தொடங்குவார். கணக்குப்படி அவர் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம். அவர் சொந்த வீட்டில் பிறந்தவர்.

சுந்தர் மட்டும் ஒருமுறை, "கொஞ்சம் கைல வெச்சுக்கலாம் கௌதமி" என்றார்.

"கைல இருந்தா செலவாயிடும்."

"ஆவட்டுமே. செலவு பண்றதுக்குத்தானே பணம்?"

நான் வழக்கம்போலவே அனுப்பிவிட்டேன். அந்த மாதம் சமையலறை எங்களுடையது ஆகிவிட்டது என்று அவரே கணக்குப் போட்டு அறிவித்தார். பேச்சு அதோடு நின்றது.

டிஷ்யூ பெட்டி

வேலை போன நாளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு நடுவில் புதிதாக ஒரு டிஷ்யூ பெட்டி இருந்தது. அந்த அறையில் அதற்கு முன் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், டிஷ்யூவைப் பார்த்ததில்லை. இன்றைக்கு இந்த அறையில் ஆட்கள் அழுவார்கள் என்று யோசித்து யாரோ ஒருவர் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெட்டியை வாங்கியது யாராக இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். எங்கள் டீமில் பாதிப்பேருக்கு அதே கதை.

அதே வருடத் தொடக்கத்தில்தான் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கையில் இருந்ததெல்லாம் அதற்குப் போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளம் வீட்டுச் செலவிலும் தவணையிலும் கரைந்தது. பெரிய இடங்களில் நேர்முகத் தேர்வுகள் வந்தன, போயின. மூன்றாவது மாதம்தான் வங்கிக்குப் போனேன்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பேச்சு நடந்தது அன்றுதான்.

வங்கியை விட்டு வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். வருடக்கணக்காக யாரும் கேட்காமலே கட்டியவள் நான். இன்னும் மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும் கடன். அதற்குத் தவணை கட்ட அந்த மாதம் என்னிடம் பணம் இல்லை. பணம் முழுக்க மூன்றாம் மாடியில் சுவராகவும் தரையாகவும் இருந்தது. ஒரு செங்கல்லைக் கூட எடுத்துக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சுந்தரிடம் சொன்னேன். அவர் நிலாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அப்போவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டார்.

"வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்றார்.

"நாம எங்க போறது?"

"உங்க அப்பா வூடு இருக்குதில்ல? நான் டிரெயின்ல ஒயிட்ஃபீல்டு போயிடுவேன். சொல்லப்போனா இங்கேர்ந்து பைக்ல போறதவிட அது நிம்மதி."

"அந்த ஊரை விட்டு வரணும்னுதானேங்க இவ்ளோ பண்ணோம்."

"வந்துட்டோமே. கொஞ்ச நாள் திரும்பிப் போயிட்டு வரலாம்."

நிலா இன்னொரு தோசை கேட்டாள்.

அவரைக்காய் வண்டி

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகை வீட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஒரே வாரத்தில் வந்துவிட்டார்கள். ராகவன், தீபா. கிருஷ்ணகிரிப் பக்கம், கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ராகவனுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. பெங்களூரு வழக்கப்படி அவர்கள் கொடுத்த பல மாத வாடகை அட்வான்ஸ்தான் அந்த மாதத் தவணையைக் காப்பாற்றியது.

தீபா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு ஆணி கூட அடிக்கலியா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. நாங்கள் ஒரு படம்கூட மாட்டியிருக்கவில்லை.

தங்கவயலில் அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து தனியாகத்தான் இருந்தார். டெம்போவிலிருந்து சாமான்கள் இறங்குவதைப் பார்த்தார்.

"இன்னாமா, பீரோவெல்லாம் எத்துகினு வந்துட்டீங்க?"

"கொஞ்ச நாள் இருக்கலாம்னு வந்தோம்பா."

"இருங்கோ. ரெண்டு ரூம்பு கீது. முன்னாடி ரூம்புல நான் பட்த்துக்கிறேன்." அவ்வளவுதான். டெம்போக்காரரிடம் வாடகை அதிகம் என்று சண்டை போடப் போய்விட்டார்.

சுந்தர் விடியற்காலை ரயில் வண்டியில் போனார். வண்டி புறப்படுகிற மாரிக்குப்பத்தில் ஏறினால்தான் உட்கார இடம். பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். ஊரில் பாதிப்பேர் அந்த வண்டியில்தான் பிழைக்கிறார்கள். ஒரு பக்கம் சீட்டுக்கட்டு, ஒரு பக்கம் தூக்கம். அவரைக்காய்ப் பருவத்தில் பெண்கள் மடியில் துணியை விரித்துக் காயை உரித்து உள்ளிருக்கும் கொட்டையை எடுத்துக்கொண்டே வருவார்கள், இறங்கும்போது இரவுச் சமையலுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். ஐந்தாறு மாதம் கழித்து ஒயிட்ஃபீல்டில் எனக்கு ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நானும் அந்த வண்டியில் உரிக்கத் தொடங்கினேன். விரல் நுனியில் அவரை வாசனை மதியம் வரை போகாது.

எத்தனை மாடி?

ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "ஏன் கௌதமி, உங்க பெங்களூர் வூடு எத்தினி மாடி?"

"மூணாவது மாடில ஒரு வீடுக்கா. ஏன்?"

"இல்ல, ஒரு வருசமா பெயிண்ட் அடிக்கிறாங்களே, இன்னும் முடியலியான்னு கேட்டேன்."

அப்பாதான் சொல்லி வைத்திருக்கிறார். பெங்களூரில் பெண் சொந்த வீடு வாங்கியிருக்கிறாள் என்று லைன் முழுக்கப் பெருமை பேசியவர். திரும்பி வந்ததற்கு அவருக்குக் கிடைத்த காரணம் பெயிண்ட்.

சாயங்காலம் கேட்டேன். "வேலை போச்சுன்னு சொன்னா என்னப்பா? வீட்ட வாடகைக்கு விட்டிருக்கோம்னு சொல்லிட்டுப் போகலாமே."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனுக்கும்தான் வேலை போச்சு. ஊருக்கே போச்சு. அப்போ யாரும் யாரையும் கேக்கல. உனுக்கு மட்டும் போச்சுன்னா கேப்பாங்கோ. உன்னிய நிக்க வெச்சிக் கேப்பாங்கோ."

பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

சுரங்கம் மூடியதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். மறுநாள் எதிர்வீட்டுப் பெண் மறுபடி கேட்டபோது, "இப்பதான்க்கா ரெண்டாவது கோட்டிங் போகுது" என்றேன்.

முடிந்தது

வாடகை வருகிறது, நாங்கள் வாடகை கொடுப்பதில்லை. இரண்டு சம்பளம். கடன் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது. மறுபடியும் கூடுதலாகக் கட்டத் தொடங்கினோம், ஆனால் இந்த முறை பாதியை மட்டும். மீதிப் பாதி சுந்தரின் பெயரில் தனியாக ஒரு கணக்கில் சேர்ந்தது. அதைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன். அதைப் பார்க்கக்கூடாது என்று அவர் சொன்னார். பார்த்தால் வங்கிக்கு அனுப்பிவிடுவேனாம்.

அப்படி ஒரு மழைக்காலத்தில் கடன் முடிந்தது. வங்கியில் அதே அம்மாள்தான் இருந்தார். அவருக்கு என்னை நினைவிருந்தது. மூலப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, உறையில் போட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ஒள்ளேதாயித்து மேடம். நல்லபடியா முடிஞ்சுது. இனிமே நாங்க கூப்பிட மாட்டோம்."

சிரித்தேன். பெரிய சந்தோஷம் ஒன்று வரப்போகிறது என்று நினைத்திருந்தேன். வங்கி எதிரில் சுந்தரோடு பஸ்ஸுக்காக நிற்கும்போதும் காத்திருந்தேன். கால் நனைந்ததுதான் மிச்சம்.

கை கால் கழுவிக்கொண்டு

வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. வீட்டைக் காலி செய்துகொடுக்கச் சொல்லிக் கேட்பதற்காக, அன்றே நேராகச் சந்தாபுராவுக்குப் போனோம். கைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று சுந்தர் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தார். இரண்டு மாதம் அவகாசம் கொடுக்கலாம், அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

மணியை அடித்தேன். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு அம்மாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பாக்க வந்தீங்களா? செருப்ப அங்கியே வுட்டுடுங்க. நேரா போயி கை கால் கழுவிகினு வாங்க. பச்சக் கொழந்த இருக்குது."

நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்தோம். குளியலறை எங்கே என்று அவர் கையைக் காட்டினார். நான் கழுவி முடிக்கிற வரைக்கும் சுந்தர் கதவருகே பத்திர உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவர் கழுவினார், நான் பிடித்துக்கொண்டேன்.

கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. சுவரில் கல்யாணப் படம், காலண்டர், யாரோ ஒரு பெரியவரின் மாலை போட்ட படம். பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டிச் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எங்கள் சமையலறையிலிருந்து உரிமையோடு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இருந்தபோது அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தீபா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"ஐயோ அம்மா! அவங்கதான் வூட்டுக்காரங்க!"

தீபாவின் அம்மா பதறி நாற்காலியை இழுத்துப் போட்டார், காபி போட ஓடினார், ஓடும்போதே மன்னிச்சுக்கணும் மன்னிச்சுக்கணும் என்றார். தீபா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிறந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். ஆண் குழந்தை. கனமே இல்லை.

சுந்தர் என்னைப் பார்த்தார். நான் சுந்தரைப் பார்த்தேன். சர்க்கரை தூக்கலான காபியைக் குடித்தோம். மழை நின்றதா, வண்டி எத்தனை மணிக்கு என்று ஏதேதோ பேசினோம். குழந்தையின் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டு எழுந்தோம்.

அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய ராகவன் வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் வந்தான். கதவு திறந்தது, அவன் நகரவில்லை.

"அக்கா, அக்ரிமெண்ட் முடியுது, தெரியும். நானே கூப்பிடணும்னு இருந்தேன். இவ இப்படி இருக்கிறதுல தள்ளிப் போயிடுச்சு. வீடு பாத்துட்டுத்தான் இருக்கேன். எப்போ காலி பண்ணணும்?"

கேட்டுவிட்டு அவன் கதவு திறந்திருந்த வீட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சுந்தர் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. பதில் என்னுடையது என்று விட்டுவிட்டார்.

"குழந்தை தலை நிக்கட்டும்" என்றேன். "அப்புறம் பாக்கலாம். அவசரமில்ல."

அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது நான் 'அவசரமில்ல' என்று சொல்லி சுந்தர் அதுவரை கேட்டதில்லை. லிஃப்ட் கீழே இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.